ஆர்தர் பீட்சன்

ஆர்தர் ஹென்றி பீட்சன் (ஜனவரி 22, 1945 - டிசம்பர் 1, 2011) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரக்பி லீக் வீரரும் பயிற்சியாளரும் ஆவார். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிறந்த இவர் ஆர்ட்டி என்ற செல்லப்பெயராலேயே பரவலாக அறியப்பட்டார். முன்வரிசை வீரரான இவர் 1966 முதல் 1977 வரை ஆஸ்திரேலியத் தேசிய அணிக்காக ஆடினார். 1973ஆம் ஆண்டில் அந்த அணிக்குத் தலைமை தாங்கினார். பெரிய விளையாட்டு ஒன்றில் ஆஸ்திரேலியத் தேசிய அணியின் தலைவராக அமர்ந்த முதல் பழங்குடியினத்தவர் இவரே. 1980இல் தமது 35ஆம் வயதில், குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்சுக்கும் இடையில் நடைபெற்ற முதலாவது 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' போட்டியில் குயின்ஸ்லாந்து அணியை வழிநடத்தி வென்றார். இன்று ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய விளையாட்டு நிகழ்வுகளுள் ஒன்றாக இருக்கும் அத்தொடர் நிலைபெற்றதற்கு அந்த ஒரு மாலையே பெரும் காரணம் எனலாம்.

விளையாடத் தொடங்கிய காலத்தில் இவருக்கு வேறொரு பட்டப்பெயரும் இருந்தது. 'பாதி ஆட்ட ஆர்ட்டி' என்பது அது. இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குபவர், உடலைப் பேணாதவர் என்பது அதன் பொருள். இறைச்சி அடை மீது இவருக்கு இருந்த விருப்பத்தைச் சுட்டும் பெயர் ஒன்றும் வழங்கியது. இத்தகைய பெயர்களைச் சுமந்த ஒருவர் நாட்டின் அணித்தலைவராக உயர்ந்தது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, முன்வரிசை வீரரின் பணியை முதலில் அறிதல் வேண்டும்.

முன்வரிசை வீரரின் பணி

ரக்பி லீக், ரக்பி யூனியன் ஆட்டத்திலிருந்து பிரிந்து உருவானதாகும். ஆட்டத்திற்காக வேலையை விட்டு வரும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கலாமா என்ற பிணக்கின் விளைவாக, 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் தனியே பிரிந்தன. சிட்னி நகரில் இதன் கழகப் போட்டிகள் 1908இல் தொடங்கின. அணிக்கு 13 பேர் ஆடுவர். ஆட்டம் 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடைபெறும். பந்தை ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து தரையில் ஊன்றுவது 'டிரை' எனப்படும். கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்புறமாகவோதான் கொடுக்க முடியும். ஆகவே முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும், அல்லது பந்தை உதைக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் பிடித்து வீழ்த்துவது 'டேக்கிள்' ஆகும். வீழ்த்தப்பட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே தள்ளியதும் ஆட்டம் தொடரும்.

13 பேரில் 6 பேர் முன்வரிசை வீரர்கள். புராப் இருவர், ஹூக்கர் ஒருவர், செகண்ட் ரோ இருவர், லாக் ஒருவர் என இவர்கள் அமைவர். எஞ்சிய 7 பேர் பின்வரிசையினர். பின்வரிசையினர் விரைவுக்குப் பெயர்பெற்றவர்கள். டிரைகளில் பெரும்பாலானவை அவர்கள் கணக்கில்தான் சேரும். முன்வரிசையினரின் வேலை வேறு. திரண்டு நிற்கும் எதிரணியினர் மீது நேராக ஓடி மோதிச் சில மீட்டர்களைப் பறிப்பதும், எதிரணியின் முன்வரிசையினர் அவ்வாறே ஓடி வரும்போது அவர்களை வீழ்த்துவதும் இவர்கள் கடமை. ஆட்டம் முடிந்த பின் புள்ளிப்பட்டியலைப் பார்ப்பவருக்கு இவர்கள் செய்தது என்ன என்பது தெரியாது.

பீட்சன் சிட்னிக்கு வந்த 1966ஆம் ஆண்டில், ஓர் அணி எத்தனை முறை வீழ்த்தப்பட்டாலும் பந்து அதனிடமே இருக்கும். வலுவான முன்வரிசை உள்ள அணி பந்தை நெடுநேரம் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிரணியைக் களைப்படையச் செய்யலாம். இது ஆட்டத்தைச் சலிப்பூட்டுவதாக ஆக்குகிறது என்ற குறை எழுந்ததால், 1967இல் நான்கு டேக்கிள் விதி வந்தது. நான்கு முறை வீழ்த்தப்பட்டால் பந்தை இழக்க நேரிடும் என்பதால் ஆட்டம் பரபரப்பானது; ஆனால் திட்டமிட்டு முன்னேற நேரம் போதவில்லை. 1971இல் எண்ணிக்கை ஆறாக உயர்த்தப்பட்டது. இன்றும் அதுவே விதி. பீட்சனின் ஆட்ட வாழ்க்கை இம்மூன்று விதிகளின் கீழும் நடந்தது. அவருடைய சிறந்த ஆண்டுகள் ஆறு டேக்கிள் காலத்தில் அமைந்தது தற்செயலானதன்று.

அவருடைய தனித்திறன் 'ஆஃப்லோட்' எனப்படுவதாகும். தம்மைப் பிடித்துத் தரையில் சாய்த்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே, ஒரு கையை விடுவித்துப் பக்கத்தில் ஓடி வரும் தோழருக்குப் பந்தைக் கொடுப்பதே ஆஃப்லோட். இதன் கணக்கு எளியது. தடுக்கும் அணியிலும் 13 பேர்தான். பீட்சனைப் போன்ற பருத்த உடலினரை ஒருவராகப் பிடித்து நிறுத்துவது கடினம். இருவரோ மூவரோ சேர வேண்டும். அவர்கள் ஓரிடத்தில் குவிந்ததும் வேறோரிடத்தில் இடைவெளி விழுகிறது. டேக்கிள் முடிந்துவிட்டால் அவர்கள் எழுந்து மீண்டும் வரிசையில் நின்றுகொள்வர். முடிவதற்குள் பந்து கைமாறிவிட்டால், அந்த மூவரும் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர்களுக்குச் சமம். இதில் அபாயமும் உண்டு. பந்து நழுவினால் எதிரணியிடம் போய்விடும். ஆகவே முன்வரிசையினர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு விழுவதையே பயிற்சியாளர்கள் பலர் விரும்பினர். பெரிய உடலும், பின்வரிசை வீரருக்குரிய கைத்திறனும் ஒருங்கே அமைந்தவர்கள் அரியவர்கள் என்பதால், பீட்சன் ஆடிய அணிகள் அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டன.

'பாதி ஆட்டம்' என்ற ஏளனத்தையும் இங்கே எடைபோட வேண்டும். களைத்த வீரரை வெளியே அழைத்து, சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் களத்தில் இறக்கும் முறை ஆஸ்திரேலியாவில் 1990களில்தான் வந்தது. இன்றைய புராப் வீரர்களில் பலர் ஒரே மூச்சில் முழு ஆட்டமும் ஆடுவதில்லை. பீட்சன் இன்று ஆடியிருந்தால் அந்தப் பட்டப்பெயருக்கு இடமே இருந்திருக்காது.

இளமை

பீட்சன் பிறந்த ரோமா நகர் பிரிஸ்பேனுக்கு மேற்கே ஏறத்தாழ 480 கி.மீ. தொலைவில், கால்நடைப் பண்ணைகள் நிறைந்த உள்நாட்டுப் பகுதியில் உள்ளது. இவர் வளர்ந்த காலத்தில் குயின்ஸ்லாந்தின் பழங்குடி மக்கள் தனிச் சட்டங்களின் கீழ் வைக்கப்பட்டிருந்தனர். எங்கே வசிப்பது, யாரிடம் வேலை செய்வது, ஈட்டிய கூலியை எப்படிச் செலவிடுவது ஆகியவற்றில்கூட அரசு அதிகாரிகள் தலையிட முடிந்தது. மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கும் சட்டம் 1965ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறைவேறியது. இவ்வுரிமையை அளித்த கடைசி ஆஸ்திரேலிய மாநிலம் குயின்ஸ்லாந்தே.

அதே 1965ஆம் ஆண்டில், பிரிஸ்பேனுக்கு வடக்கேயுள்ள கடற்கரைப் பகுதியான ரெட்கிளிஃப்பின் கழகம் பிரிஸ்பேன் போட்டியில் தன் முதல் பட்டத்தை வென்றது. அவ்வணியில் 20 வயது பீட்சன் ஆடினார். (இக்கழகமே 2023 முதல் டால்பின்ஸ் என்ற பெயரில் தேசிய ரக்பி லீக் தொடரில் பங்கேற்கிறது.) மறு ஆண்டு அவர் சிட்னியின் பால்மெய்ன் கழகத்தில் சேர்ந்தார்.

பால்மெய்ன் ஆண்டுகள்

1966 பீட்சனுக்கு விரைவான ஆண்டாக அமைந்தது. சிட்னிக்கு வந்த அதே பருவத்தில் ஆஸ்திரேலிய அணிக்குத் தேர்வு பெற்று, பிரித்தானிய அணிக்கு எதிரான மூன்றாவது டெஸ்டில் அறிமுகமானார். 19-14 என்ற கணக்கில் அப்போட்டியை வென்ற ஆஸ்திரேலியா தொடரையும் 2-1 எனக் கைப்பற்றியது. பால்மெய்ன் அணியும் இறுதிப் போட்டியை எட்டியது. ஆனால் அங்கே செயின்ட் ஜார்ஜ் அணி 23-4 என வென்று, தொடர்ந்து 11ஆவது ஆண்டாகப் பட்டம் பெற்றது.

பீட்சன் தேசிய அணியில் ஆடிய முதல் பழங்குடியினத்தவர் அல்லர். 1960இல் குயின்ஸ்லாந்தின் லயனல் மார்கன் அப்பெருமையைப் பெற்றிருந்தார். எனினும் பீட்சன் அறிமுகமான வேளையில் ஆஸ்திரேலிய அரசியலமைப்பு, பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பிரிவைக் கொண்டிருந்தது. மே 27, 1967 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஆதரித்ததால் அப்பிரிவு நீக்கப்பட்டது. இந்த வாக்கெடுப்பே பழங்குடியினருக்கு வாக்குரிமை அளித்தது எனச் சிலர் எழுதுவது தவறு. கூட்டாட்சித் தேர்தல்களில் அவர்கள் அனைவரும் வாக்களிக்கும் உரிமையை 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வழங்கியிருந்தது.

1968இல் ஆஸ்திரேலியா உலகக் கோப்பையை வென்றபோது, பிரான்சை 20-2 எனத் தோற்கடித்த இறுதிப் போட்டியில் பீட்சன் ஆடினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் கழகத்திற்கும் சென்று ஆடினார். கால் முறிந்ததால் அப்பயணம் பாதியில் முடிந்தது.

அவருடைய வாழ்க்கையின் பெரிய ஏமாற்றம் 1969இல் நேர்ந்தது. இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் பால்மெய்ன் அணி மான்லி அணியை ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்றது. அந்த ஆட்டத்தில் நடுவர் பீட்சனைக் களத்திலிருந்து வெளியேற்றினார். தடை விதிக்கப்பட்டதால் இறுதிப் போட்டியில் அவர் ஆட முடியவில்லை. வெல்லும் என்று பெரும்பாலோர் கருதிய சவுத் சிட்னி அணியைப் பால்மெய்ன் 11-2 எனத் தோற்கடித்தது. சிட்னி ரக்பி லீக்கின் எதிர்பாரா முடிவுகளுள் இன்றளவும் முதலில் பேசப்படும் அந்த வெற்றியை அவர் வெளியிலிருந்தே பார்த்தார். அதுவே பால்மெய்ன் கழகம் பெற்ற கடைசிப் பட்டமும் ஆகும். 1999இல் அது வெஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்துடன் இணைந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆயிற்று.

1970ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் பீட்சன் பால்மெய்ன் கழகத்தை விட்டு விலகியபோது அவருக்கு 25 வயது. திறமையில் ஐயமில்லாதவர், ஆனால் நம்பத் தகுந்தவரா என்ற கேள்விக்கு உள்ளானவர் என்பதே அன்றைய மதிப்பீடு.

ஈஸ்டர்ன் சபர்ப்ஸ்

1971இல் அவர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்தில் சேர்ந்தார். இன்று சிட்னி ரூஸ்டர்ஸ் என வழங்கப்படுவது இக்கழகமே. 1972இல் இவ்வணி இறுதிப் போட்டியில் மான்லியிடம் தோற்றது. அடுத்த உயர்வு 1974இல் ஜாக் கிப்சன் பயிற்சியாளராகத் திரும்பியபோது வந்தது.

கிப்சன் தம் காலத்துப் பயிற்சியாளர்களில் இருந்து வேறுபட்டவர். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்களின் முறைகளை நேரில் கற்று வந்தவர். ஒவ்வொரு வீரரும் ஓர் ஆட்டத்தில் எத்தனை டேக்கிள் செய்தார் என்பதை எண்ணிக் கணக்கு வைத்தார். இந்தக் கணக்கு முன்வரிசை வீரர்களுக்கே மிகுதியாகப் பொருந்தியது. புள்ளிப்பட்டியலில் இடம்பெறாத உழைப்பு முதன்முறையாகத் தாளில் எண்ணாகப் பதிவானது. அதே வேளையில் உழைக்காதவர் ஒளிந்துகொள்ளவும் இடமில்லாமல் போயிற்று. பாதி ஆட்டக்காரர் என்று பேர் வாங்கியவரைக் கிப்சன் ஒதுக்கவில்லை. அணியின் தலைவராக வைத்துக்கொண்டார். அதேபோல், பீட்சனின் ஆஃப்லோட்களைத் தடை செய்யாமல், அவற்றைச் சுற்றியே அணியின் தாக்குதலை அமைத்தார் எனலாம். பீட்சன் ஓடும்போது அவருக்கு இருபுறமும் தோழர்கள் ஓடி வருவார்கள். பந்து யாரிடம் போகும் என்பது எதிரணிக்குத் தெரியாது.

பயன் உடனே கிடைத்தது. 1974 இறுதிப் போட்டியில் கேன்டர்பரி அணியை 19-4 என வென்று, 1945க்குப் பின் 29 ஆண்டுகள் கழித்து ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் பட்டம் பெற்றது. 1975இல் அவ்வணி தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்றது. ஒரே பருவத்தில் இத்தகைய தொடர் வெற்றியை 2021இல்தான் மெல்பர்ன் ஸ்டோர்ம் அணி எட்டிப்பிடித்தது. 1975 இறுதிப் போட்டியில் செயின்ட் ஜார்ஜ் அணியை 38-0 எனத் தோற்கடித்தது. இடைவேளையில் 5-0 என்ற அளவிலேயே இருந்த கணக்கு இரண்டாம் பாதியில்தான் பெருகியது. இரண்டு பட்டங்களின்போதும் அணித்தலைவர் பீட்சனே. எதிரணி களைத்து விழுந்த இரண்டாம் பாதியில் அவருடைய அணி 33 புள்ளிகளைக் குவித்தது, அந்தப் பழைய பட்டப்பெயரை அறிந்தவர்களுக்குச் சுவையானதாகவே இருந்திருக்கும்.

கிப்சன் விலகிய பின், 1977, 1978 ஆண்டுகளில் பீட்சனே தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து அணியை நடத்தினார்.

நாட்டின் அணித்தலைவர்

1973இல் பீட்சன் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை ஏற்றதன் பொருளை உணர ஒரு பழைய செய்தி உதவும். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் பயணம் செய்த முதல் விளையாட்டு அணி 1868ஆம் ஆண்டின் கிரிக்கெட் அணியாகும். அதன் வீரர்கள் பழங்குடியினர். தலைவராகச் சென்றவரோ இங்கிலாந்தில் பிறந்த சார்லஸ் லாரன்ஸ். ஒரு நூற்றாண்டுக்குப் பின், தனியாட்டங்களில் பழங்குடியினர் உலகின் உச்சியைத் தொட்டிருந்தனர். குத்துச்சண்டையில் லயனல் ரோஸ் 1968இல் உலகப் பட்டம் வென்றார். டென்னிசில் இவான் கூலகாங் 1971இல் விம்பிள்டனை வென்றார். ஆனால் குழு ஆட்டமொன்றில் ஏனையோரை வழிநடத்தும் பொறுப்பு என்பது வேறு வகையானது. அது தனி ஒருவரின் திறமையால் மட்டும் கிட்டுவதன்று. பிறர் அவரைத் தேர்ந்து அவர் பின்னே செல்ல உடன்பட வேண்டும்.

1972 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரித்தானியாவுடன் 10-10 எனச் சமநிலை கண்டு, முந்தைய சுற்றுகளின் கணக்கில் கோப்பையை இழந்த ஆஸ்திரேலிய அணியில் பீட்சன் இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1977 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அதே எதிரணியைச் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 13-12 என வென்றபோது, கோப்பையைப் பெற்றுக்கொண்ட தலைவர் அவரே. அத்துடன் அவருடைய பன்னாட்டு ஆட்ட வாழ்க்கை முடிவுற்றது.

1980: முதல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்

1979இல் பீட்சன் பாரமட்டா கழகத்திற்கு மாறினார். 1980ஆம் ஆண்டளவில் அங்கே இரண்டாம் நிலை அணியில் ஆடும் நிலைக்கு வந்துவிட்டார். வழக்கமாக ஒரு வீரரின் வரலாறு இத்தகைய இடத்தில் முடிந்துவிடும்.

குயின்ஸ்லாந்து - நியூ சவுத் வேல்ஸ் போட்டிகள் 1908 முதல் நடந்து வந்தன. ஒரு வீரர் அப்போது எந்த மாநிலக் கழகத்தில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்திற்காகவே ஆட வேண்டும் என்பது விதி. இது நீண்டகாலம் யாரையும் உறுத்தவில்லை. ஆனால் 1956இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, கழகங்களில் சூதாட்டப் பொறிகளை வைக்கச் சட்டப்படி அனுமதித்தது. அவற்றின் வருவாயால் சிட்னிக் கழகங்கள் செல்வம் பெற்றன. குயின்ஸ்லாந்தில் இதற்கான அனுமதி 1990களில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் குயின்ஸ்லாந்தின் சிறந்த இளைஞர்கள் பணத்தின் பொருட்டுச் சிட்னிக்குச் சென்று, தாம் பிறந்த மாநிலத்திற்கு எதிராகவே ஆடினர். பீட்சனும் நியூ சவுத் வேல்சுக்காகப் பலமுறை குயின்ஸ்லாந்தை எதிர்த்து ஆடியவர்தாம். போட்டிகள் ஒருதலைப்பட்சமாகின, பார்வையாளர் வருகையும் குறைந்தது.

ஒருவர் முதலில் ஆட்டத்தைத் தொடங்கிய மாநிலத்திற்கே ஆட வேண்டும் என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது. ஆஸ்திரேலியக் காற்பந்தில் மேற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் 1977இல் இவ்வாறு ஆடிப் பார்த்திருந்தன. குயின்ஸ்லாந்து ரக்பி லீக் சங்கத்தின் தலைவரும் நாடாளுமன்ற மேலவை உறுப்பினருமான ரான் மெக்காலிஃப் இதற்காகத் தீவிரமாக முயன்றார். சிட்னியில் பலர் இதை வேடிக்கையாகவே கருதினர். ஒரே கழகத்தில் ஊதியம் பெறும் தோழர்கள் மாநிலத்தின் பெயரால் ஒருவரையொருவர் மெய்யாக மோதிக்கொள்வார்களா என்பது அவர்கள் ஐயம். 1980 தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களைப் பழைய விதிப்படி ஆடிக் குயின்ஸ்லாந்து தோற்ற பின், மூன்றாவது ஆட்டம் சோதனையாகப் புதிய விதிப்படி நடத்தப்பட்டது.

ஜூலை 8, 1980 அன்று பிரிஸ்பேனின் லாங் பார்க் அரங்கில் 33,210 பேர் கூடினர். அரக்கு நிறச் சட்டை அணிந்த குயின்ஸ்லாந்து வீரர்களுக்கு முன்னால், 35 வயது பீட்சன் களத்தில் இறங்கினார். இரண்டாம் நிலை அணியில் ஆடும் ஒருவரைத் தலைவராக்கியது உணர்ச்சிவசப்பட்ட தேர்வு என்று சொல்லப்பட்டது. ஆனால் சிட்னியில் 15 ஆண்டுகள் கழித்தவர், எதிரணியின் பெரும்பாலோரைத் தனித்தனியே அறிந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தின் நடுவே, பாரமட்டா கழகத்தில் தம் தோழரான மிக் குரோனின் பந்துடன் வந்தபோது பீட்சன் அவரைக் கடுமையாகப் பிடித்து நிறுத்தினார். கதை சொல்பவர்களின் வாயில் இது நாளடைவில் ஒரு குத்தாகவே வளர்ந்துவிட்டது. குரோனின் அதைப் பெரிதுபடுத்தவில்லை. என்றாலும் சிட்னிக்காரர்களின் ஐயத்திற்கு அந்தக் கணத்தில் விடை கிடைத்துவிட்டது.

குயின்ஸ்லாந்து 20-10 என வென்றது. கெரி பூஸ்டெட், கிறிஸ் குளோஸ் ஆகியோர் டிரை அடித்தனர். அன்று தம் 20ஆவது பிறந்தநாளைக் கொண்டாடிய மால் மெனிங்கா, உதைத்த 7 கோல்களையும் பிழையின்றி அடித்தார். டிரைக்கு அந்நாளில் 3 புள்ளிகள்தாம் (1983இல் இது 4 ஆனது). ஆக, குயின்ஸ்லாந்தின் 20 புள்ளிகளில் 14 மெனிங்காவின் காலிலிருந்து வந்தவை. பீட்சன் பெயரில் ஒரு புள்ளியும் இல்லை. முன்வரிசை வீரரின் கணக்கு எப்போதும் அப்படித்தான். ஆனாலும் அந்த ஆட்டத்தை இன்று குறிப்பிடுவோர் முதலில் சொல்வது அவர் பெயரையே.

பயிற்சியாளர்

வீரராக அது ஒன்றே அவர் ஆடிய ஆரிஜின் ஆட்டம். 1981இல் அவர் ரெட்கிளிஃப் கழகத்திற்கே தலைவராகவும் பயிற்சியாளராகவும் திரும்பினார். அவ்வாண்டு குயின்ஸ்லாந்து அணியின் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார். 1981இலும் ஒரே ஓர் ஆட்டம்தான் புதிய விதிப்படி நடந்தது. வாலி லூயிஸ் தலைமையிலான குயின்ஸ்லாந்து அதில் 0-15 எனப் பின்தங்கியிருந்து மீண்டு, 22-15 என வென்றது. மூன்று ஆட்டங்கள் கொண்ட முழுத் தொடர் 1982இல் தொடங்கியது. 1982, 1983, 1984 ஆகிய மூன்று தொடர்களையும் பீட்சனின் பயிற்சியில் குயின்ஸ்லாந்து 2-1 என வென்றது. மீண்டும் 1989, 1990 ஆண்டுகளில் அப்பொறுப்பை வகித்தார். முதலாவதில் 3-0 என முழு வெற்றி கிட்டியது; அடுத்ததில் 1-2 எனத் தோல்வி நேர்ந்தது. 1983இல் ஆஸ்திரேலிய அணிக்கும் பயிற்சி அளித்தார்.

கழக அளவில் இவருடைய பயிற்சி வாழ்க்கை இத்தனை ஒளி மிக்கதன்று. 1985 முதல் 1988 வரை ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்கும், 1992, 1993 ஆண்டுகளில் குரொனல்லா அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார். 1987இல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் இறுதிப் போட்டியின் வாயில் வரை வந்து நின்றது. பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. பின்னாளில் அதே கழகத்திற்காக இளம் வீரர்களைக் கண்டறிந்து சேர்க்கும் பணியைச் செய்தார்.

சிறப்புகளும் மறைவும்

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் ஒரு வீரருக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த மதிப்பு, 'இம்மார்ட்டல்ஸ்' எனப்படும் சாகாவரம் பெற்றோர் பட்டியலில் சேர்க்கப்படுவதாகும். 1981இல் ஒரு வார இதழ் நால்வருடன் தொடங்கிய இப்பட்டியலில், 2003இல் பீட்சன் ஏழாமவராகச் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு, இயன் ஹெட்ஸ் என்னும் எழுத்தாளருடன் இணைந்து அவர் எழுதிய தன்வரலாறு 'பிக் ஆர்ட்டி' என்ற பெயரில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் இவ்வாட்டத்தின் நூற்றாண்டையொட்டி 2008இல் அறிவிக்கப்பட்ட நூற்றாண்டு அணியில் புராப் இடங்கள் இரண்டில் ஒன்று பீட்சனுக்கு அளிக்கப்பட்டது. அவ்வணியின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டவர் ஜாக் கிப்சன்.

டிசம்பர் 1, 2011 அன்று, குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு பீட்சன் காலமானார். அப்போது அவருக்கு 66 வயது. முதல் ஆரிஜின் போட்டி நடந்த லாங் பார்க் அரங்கு இப்போது சன்கார்ப் அரங்கு என அழைக்கப்படுகிறது; அதன் வெளியே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது. பழங்குடி வீரர்களைக் கொண்ட அணி பங்கேற்கும் ஆல் ஸ்டார்ஸ் போட்டி, பிரஸ்டன் கேம்பல் என்னும் பழங்குடி வீரரின் முயற்சியால் 2010இல் கோல்ட் கோஸ்ட்டில் தொடங்கப்பட்டது. அப்போட்டியில் வெல்லும் அணிக்கு வழங்கப்படும் கோப்பைக்குப் பீட்சனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.